ஒரே நெட்வொர்க், பல பார்வை வேலைகள்: எங்கே சறுக்குகிறது?

படத்தில் உள்ள பொருள்களைக் கண்டுபிடிக்க ஒரு மாடல், ஆழத்தை (கேமராவிலிருந்து உள்ள தூரத்தை) அளக்க இன்னொன்று, விளிம்புகளுக்கு வேறொன்று என்று தனித்தனியாக ஓட்டினால் நினைவகமும் நேரமும் கட்டுப்படியாகாது. அதனால்தான் படத்திலிருந்து அம்சங்களை எடுக்கும் பெரிய பகுதியான பேக்போனைப் பொதுவாக வைத்து, அதன்மேல் வேலைக்கொரு விடை தரும் சிறிய பகுதியை, அதாவது ஹெட்டைப் பொருத்துகிறோம். 2017-ல் வந்த யூபர்நெட் இப்படி 7 வேலைகளை ஒரே நெட்வொர்க்கில் செய்து காட்டியது. யோசனை நல்லதுதான். எல்லா வேலைகளையும் ஒரே மாதிரி நடத்தும்போதுதான் அது கெடுகிறது.

லாஸ்களை, அதாவது ஒவ்வொரு வேலையிலும் மாடல் எவ்வளவு தவறுகிறது என்று காட்டும் எண்களை, அப்படியே கூட்டுவதைப் பாருங்கள். 1000 வகுப்புகள் உள்ள வகைப்படுத்தலில் தொடக்க லாஸ் சுமார் 6.9 இருக்கும். ஆழக் கணிப்பு அரை மீட்டர் தவறினால் வர்க்கப் பிழை 0.25. அதே ஆழத்தை மில்லிமீட்டரில் சேமித்திருந்தால் 2,50,000! அலகு மட்டும்தான் மாறியது, ஆனால் பேக்போன் முழுக்க ஆழத்தின் பக்கம் சாய்ந்துவிடும். முதலில் அலகைச் சரிசெய்யுங்கள், பிறகு ஒவ்வொரு லாஸுக்கும் எடை கொடுங்கள். லாஸ் எண்ணோடு நிறுத்தாமல், ஒவ்வொரு வேலையிலிருந்தும் பேக்போனுக்கு வரும் கிரேடியன்ட்டின் (மாடலின் எண்களை எந்தப் பக்கம், எவ்வளவு மாற்ற வேண்டும் என்ற குறிப்பின்) அளவையும் கவனியுங்கள்.

இதைவிட ஆபத்தாக எனக்குத் தெரிவது, பயிற்சிப் படங்களைப் பெருக்குவதற்காகப் படத்தை இடவலமாகப் புரட்டுவது. பூனையைப் புரட்டினாலும் பூனைதான். ஆனால் ஒவ்வொரு பரப்பும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கணிக்கும் வேலையில், லேபிள் படத்தை (சரியான விடையைக் குறித்த படத்தை) புரட்டினால் மட்டும் போதாது. திசையின் கிடைமட்டக் கூறுக்குக் குறியையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் சுவர் இடப்பக்கம் திரும்பிய பிறகும் லேபிளில் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். உடல் மூட்டுகளைக் கண்டறியும் வேலையில் இடது முழங்கை, வலது முழங்கை என்ற பெயர்களை இடம்மாற்ற வேண்டும். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி நடுப்பகுதியை வெட்டி, கேமரா மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், ஆழத்தை இரண்டால் வகுக்க வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் பிழைச்செய்தி வராது, லாஸும் ஓரளவு இறங்கும். மாற்றிய லேபிளை மாற்றிய படத்தின்மேல் வரைந்து, ஒவ்வொரு ஹெட்டுக்கும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பல டேட்டாசெட்களைக் கலக்கும்போது லேபிள் இல்லாத இடத்தைப் பின்னணி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விளிம்பு மட்டும் குறித்த படத்தில் நிற்கும் மனிதரைப் பின்னணி என்று கற்பித்ததாகிவிடும். அந்த வேலையின் லாஸை அந்தப் படத்துக்கு மட்டும் பூஜ்யமாக்கினால் போதும்.

அப்புறம், ஏற்கனவே பயின்ற பெரிய மாடல் ஒன்றை எடுத்து, மேற்கொண்டு பயிற்றுவிக்காமல் உறையவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. 2021-ல் வந்த கிளிப் (CLIP) என்ற மாடல் 40 கோடி படம்-எழுத்து இணைகளில் கற்றது. படம் எதைப் பற்றியது என்று சொல்வதில் கெட்டி. ஆனால் 224 பிக்சல் படத்தை 14 பிக்சல் சதுரங்களாக வெட்டினால் கிடைப்பது 16×16 கட்டங்கள்தான், மெல்லிய கம்பி அதில் எளிதில் தொலையும். 2023-ல் வந்த சாம் (SAM) என்ற மாடல் பொருளைத் துல்லியமாகப் பிரித்துத் தரும், ஆனால் பிரித்தது என்ன பொருள் என்று சொல்லாது.

சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நாலு வேலைகள் கொஞ்சம் ஏறி, ஒன்று பலமாக விழுந்தாலும் சராசரி நன்றாகவே தெரியலாம். அதே பேக்போனில் ஒவ்வொரு வேலையையும் தனியாகப் பயிற்றுவித்து, அந்த எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விழுந்த வேலைக்குத் தனி அடுக்குகள் கொடுத்தும் தேறவில்லை என்றால், அதற்குத் தனி மாடலே வைத்துவிடலாம்.