பிரஸ்ஸல்ஸ் காமிக்ஸ் சுவர்கள்: நடந்து பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் கட்டடச் சுவர்களில் காமிக்ஸ் கதாபாத்திரங்களைப் பெரிய ஓவியங்களாக வரைந்திருக்கிறார்கள். அங்கே போகிற பலர் ஒரே ஒரு காமிக்ஸ் சுவரோடு திரும்பிவிடுகிறார்கள். எதூவ் தெருவில் டின்டினும் அவன் நாய் ஸ்நோயியும் நண்பர் கேப்டன் ஹாடக்கும் இரும்புப் படிக்கட்டில் இறங்கி வருகிற சுவர் அது. சில அடி தூரத்திலேயே சிறுநீர் கழிக்கும் சிறுவனின் புகழ்பெற்ற மானெகன் பிஸ் சிலை இருப்பதால் கூட்டம் தானாக அங்கே சேர்கிறது. படம் எடுத்ததும் காமிக்ஸ் உலா முடிந்ததாக நினைப்பதுதான் முதல் தவறு. இதுபோன்ற சுவர்கள் அந்த நகரில் ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்தபடி ஓடுவது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய இழப்பு. இந்த ஓவியங்கள் ஒவ்வொன்றும் அந்தந்தச் சுவருக்காகவே யோசித்து வரையப்பட்டவை. மார்ஷே ஓ ஷார்போன் தெரு அருகே, 1991-இல் இந்த வரிசையைத் தொடங்கிவைத்த ஃபிராங்க் பேயின் ஓவியத்தைப் பாருங்கள். கைகோத்து நடக்கும் ஜோடி, நாம் நிற்கிற அதே பேட்டைக்குள் உலாவுவது போலத் தோன்றும். க்விக், ஃப்ளூப்கே என்ற, டின்டினைப் படைத்த எர்ஜேயின் குறும்புச் சிறுவர்கள் இருவரும், தங்கள் கதை நடக்கிற மரோல் பகுதியின் தெருவிலேயே சுவரேறி நிற்கிறார்கள். சுற்றியுள்ள ஜன்னலையும் கூரையையும் தெருவையும் சேர்த்துப் பார்க்காமல் ஓவியத்தை மட்டும் கேமராவில் வெட்டி எடுத்தால், பாதி ரசனை போய்விடும்.

வரிசை மாறினாலும் நஷ்டம்தான். ஃபிளாந்தர் தெருவில் கொழுத்த வெள்ளை நாய் குபிடுஸ், மானெகன் பிஸ் சிறுவனின் பீடத்தில் ஏறி அவன் வேலையைத் தான் செய்துகொண்டிருக்கிறது. சிலையை முதலில் பார்த்துவிட்டுப் போனால்தான் சிரிப்பு வரும்.

நம் ஊர் வாசகர்கள் செய்யக்கூடாத தவறு ஒன்று உண்டு. டின்டினைத் தவிர யாரையும் தெரியாது என்று நினைத்துப் போகாதீர்கள். லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே பழைய சிநேகிதர்கள் காத்திருக்கிறார்கள். புவாந்த்ரீ தெருவில் லக்கி லூக், அவரோடு டால்டன் சகோதரர்களும். போன் செகூர் தெருவில் இருக்கிற ரிக் ஹோஷே வேறு யாருமில்லை, நம் ரிப்போர்ட்டர் ஜானி. 'இரத்தப் படல'த்தின் நாயகன் XIII-க்கும் ஒரு சுவர் உண்டு. இவர்கள் இருக்கிற தெருக்களைக் கிளம்புவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

வழி தேடும்போது குழப்பம் வரும். தெருப் பலகைகளில் பிரெஞ்சு, டச்சு இரண்டிலும் பெயர் இருக்கும். எதூவ் தெருவேதான் ஸ்டோஃப்ஸ்ட்ராட். இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டால் போதும். பழைய வழிகாட்டி நூலை நம்ப வேண்டாம். புதுக் கட்டடம் எழும்பியோ சுவர் மாறியோ சில ஓவியங்கள் மறைந்துவிட்டன. புதியவையும் வந்தபடி இருக்கின்றன.

ஓவியங்களைக் கதாசிரியர்களே ஏணியில் ஏறி வரைந்தார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். எர்ஜே இறந்தது 1983-இல். டின்டின் சுவர் வந்ததோ 2005-இல். ஏட்டுப் படத்தைப் பல மாடி உயரத்துக்குப் பெரிதாக்கிச் சுவரில் ஏற்றுவது தனிக் கலை. பெரும்பாலான சுவர்களுக்கு அதைச் செய்தவர்கள் ஆர்ட் ம்யூரால் என்ற குழுவினர். மழையும் வெயிலும் தின்ற வண்ணத்தைத் திரும்பப் பூசும் வேலையும் இருக்கிறது. அந்த ஓவியர்களின் உழைப்பையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். குறுகிய சந்துகளில் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகரும்போது சைக்கிள்கள் வருகிறதா என்று பாருங்கள். கருங்கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், அதற்கேற்ற ஷூ போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், நகர மையச் சதுக்கமான கிராண்ட் பிளேஸைச் சுற்றி ஒரு பொழுது, மரோலுக்கு ஒரு காலை என்று பிரியுங்கள். மரோலில் ஜு த பால் சதுக்கத்தின் பழம்பொருள் சந்தை தினமும் காலையில் கூடும். பக்கத்து ஷெவ்ரேய் தெருவில் பூல் (Boule) என்ற சிறுவனும் பில் என்ற அவன் நாயும் வருகிற காமிக்ஸின் சுவரும் இருக்கிறது.

நடக்க முடியாத தூரத்தில் இருப்பதை நடந்தே தீர்ப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். எர்ஜேயின் வரைவுகளை வைத்து அமைத்த ஸ்டோக்கல் மெட்ரோ நிலையச் சுவர்களில் டின்டின் கதைமாந்தர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒன்றாம் எண் மெட்ரோவில் ஏறினால், கடைசி நிறுத்தம் அதுதான்.