ஆசிரியர் சமத்துவக் குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு விவரங்களை அலசும் குழுக்களோடுதான் என் வேலை. புதிதாக வருபவர்களின் அக்கறையில் குறை இல்லை. ஆனாலும் முந்தைய குழுக்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பிழைகளை விட்டுவிடுகிறேன்.

இரண்டு அட்டவணை போட்டுவிட்டு எழுந்துவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒன்றில் ஆண், பெண்; இன்னொன்றில் சமூகப் பிரிவு. ஒரு துறையில் 20 ஆசிரியர்கள், அதில் 8 பெண்கள், ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் 5 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். அந்த 5 பேரும் ஆண்கள் என்பதையும், ஒடுக்கப்பட்ட சமூகப் பெண் ஒருவர்கூட அங்கே இல்லை என்பதையும் எந்த அட்டவணையும் சொல்லாது.

கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பாகுபாடு காட்டுகிறது என்று கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் தொடுத்த வழக்கில், 1976-இல் அமெரிக்க நீதிமன்றமும் இனத்தையும் பாலினத்தையும் சேர்த்துத் தனிப் பிரிவாகப் பார்க்க மறுத்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் வெள்ளைப் பெண்கள். ஒரே ஆள்மேல் பல ஒடுக்குமுறைகள் குறுக்கிடுவதைப் பற்றி 1989-இல் எழுதிய அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, இந்தத் தீர்ப்பை முக்கியச் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்.

ஒரு கூட்டத்தில், இரண்டையும் சேர்த்து ஒரே அட்டவணையாகப் போடுங்கள் என்று கேட்டேன். "இரண்டு இலக்கையும் எட்டிவிட்டோமே, மூன்றாவது எதற்கு?" என்றார் தலைவர். இரண்டு கணக்கிலும் இடம்பெற்றிருந்த ஒரே பேராசிரியை எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பெண் பிரதிநிதி வேண்டுமென்றாலும் அவர், சமூகப் பிரதிநிதி வேண்டுமென்றாலும் அவர், மாணவிகளின் சிக்கலைக் கேட்கவும் அவரே. அப்புறம் பதவி உயர்வு நேரத்தில் அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் போதவில்லை என்று எழுதினார்கள். கட்டுரை எழுத வேண்டிய நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டவர்களே அதை எழுதினார்கள்! அதனால் யார் எத்தனை குழுவில் இருக்கிறார் என்பதையும் கட்டாயம் கணக்கில் எடுங்கள்.

"ஆளே இரண்டு பேர்தான், விட்டுவிடலாம்"

விடாதீர்கள், ஒரு பிரிவில் ஆள் குறைவு என்பதே முக்கியமான தகவல். ஆனால் அந்த எண்ணை அப்படியே வெளியிட்டால் யாரென்று தெரிந்துவிடும். பல ஆண்டு விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள், சம்மதம் வாங்கி அவர்களிடமே பேசுங்கள்.

நியமனத்தோடு நிறுத்துவது

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியர் நான்சி ஹாப்கின்ஸ் டேப்பை வைத்து ஆய்வக இடத்தையே அளந்து பார்த்தார். அங்கிருந்து கிளம்பிய முயற்சியில்தான் பெண் பேராசிரியர்களுக்கு இடம், சம்பளம், விருது எல்லாவற்றிலும் நேர்ந்த குறையை 1999 அறிக்கை வெளியே கொண்டுவந்தது. வேலைக்கு எடுத்த பிறகு என்ன கிடைக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஆசிரியருக்கு மாணவர்கள் போடும் மதிப்பெண்ணை அப்படியே நம்புவது

கூடாது. இணையவழி வகுப்பில் பாடம் எடுத்தவர் ஆண் என்று நினைத்த மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டதை ஆய்வே காட்டியிருக்கிறது.

சமத்துவம் பற்றி ஒருநாள் பயிற்சி நடத்திவிட்டுக் கோப்பை மூடுவது

மூடாதீர்கள். அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அதே அட்டவணையை மறுபடி போடுங்கள்.