பிஸ்டலுக்கு டிரிட்டியம் சைட் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முன்சைட்டை

சைட் என்பது குறி பார்க்க உதவும் பாகம்; குழல் முனைப் பக்கம் இருப்பது முன்சைட், கண்ணுக்குப் பக்கம் இருப்பது பின்சைட். இருட்டில் தானாக ஒளிரும் சைட் வாங்க வருகிற பலர் கேட்கும் முதல் கேள்வி, "எது அதிகமாக மின்னும்?" என்பதுதான். நான் கேட்கச் சொல்வது வேறு: துப்பாக்கியைத் தூக்கியதும் கண் முன்சைட்டுக்கு நேராகப் போகிறதா, இல்லை பின்சைட்டின் புள்ளிகளில் மாட்டிக்கொள்கிறதா? எந்தப் பிராண்டானாலும் இந்த ஒன்று சரியில்லை என்றால் மற்ற வசதிகள் எதுவும் உதவாது.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் கடைகளில் எல்லாவற்றையும் "நைட் சைட்" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒளிரும் பெயிண்ட் பூசியது டார்ச் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மின்னும், அப்புறம் மங்கிவிடும். ஃபைபர் ஆப்டிக் (சுற்றுவெளிச்சத்தை வாங்கிக் கடத்தும் மெல்லிய இழை) பகலில் நெருப்புப் பொட்டு மாதிரி ஜொலிக்கும், சுற்றி வெளிச்சம் இல்லையென்றால் அணைந்துபோகும். பேட்டரியும் வெளிச்சமும் இல்லாமல் இரவு முழுக்க ஒளிர்வது டிரிட்டியம் மட்டும்தான். அது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். உள்ளே பாஸ்பர் (எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பூச்சு) பூசிய மிகச் சிறிய கண்ணாடிக் குழாயில் அந்த வாயுவை அடைத்திருப்பார்கள். அதிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் பாஸ்பரில் மோதும்போது ஒளி வருகிறது. அந்த எலக்ட்ரான்கள் பலவீனமானவை, கண்ணாடியைத் தாண்டாது, தோலையும் துளைக்காது. குழாய் முழுசாக இருக்கும் வரை பயப்பட ஒன்றுமில்லை.

டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். அதாவது அவ்வளவு காலத்தில் வாயு பாதியாகிவிடும், ஏறக்குறைய 25 வருடத்தில் கால்வாசிதான் மிஞ்சும். பாஸ்பரும் கூடவே சோர்ந்துபோவதால் ஒளி இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் வேகமாகவே குறையும். அதனால் வாங்கும்போது விலைக்கு முன்னால் தயாரித்த வருடத்தைக் கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் அதைச் சைட்டிலோ பெட்டியிலோ போட்டிருப்பார்கள். அலமாரியில் நாலைந்து வருடம் தூங்கிய சைட்டைப் புதுசு என்று வாங்கினால் அதன் ஆயுளில் நல்ல பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

பழைய சைட்டைச் சோதிக்கும்போது இன்னொரு ஏமாற்றம் உண்டு. இப்போது வரும் முன்சைட்டுகளில் பலவற்றில் டிரிட்டியக் குழாயைச் சுற்றி ஒளிரும் பெயிண்ட் வளையம் இருக்கும். கடை விளக்கின் கீழ் இருந்ததை எடுத்து உள்ளங்கையால் மூடிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும், அது பெயிண்டின் ஒளி. இரவு முழுக்க மூடிய டிராயருக்குள் வைத்துவிட்டு, விடியும் முன் விளக்கைப் போடாமல் திறந்து பாருங்கள். அப்போது தெரிவதுதான் டிரிட்டியத்தின் உண்மையான நிலை.

இனி மூன்று புள்ளி விஷயம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் ஒரே பச்சை, ஒரே பிரகாசம்: பழைய ஏற்பாடு, இன்றும் விற்கிறது. கும்மிருட்டில் சைட்டின் விளிம்பு எதுவும் தெரியாது, மிதக்கும் மூன்று புள்ளிகள் மட்டும்தான் தெரியும். துப்பாக்கி பக்கவாட்டில் கோணினால் முன்சைட்டின் புள்ளி பின்சைட்டின் இரண்டு புள்ளிகளுக்கு வெளியே போய் நின்றுவிடும், அப்போதும் மூன்று புள்ளிகள் வரிசையாகத்தான் தெரியும். நடுவில் இருப்பது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. பதற்றத்தில் மூளை அந்த வரிசையைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும், குண்டு எங்கோ போகும். இதனால்தான் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும் செட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மாற்று வழிகள் நிறைய இருக்கின்றன. டிரிஜிகான் நிறுவனத்தின் எச்டி மாதிரியானவற்றில் முன்சைட்டைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் வளையம் இருக்கும், பின்சைட் கறுப்பாக அடங்கியிருக்கும். ஹைனி ஸ்ட்ரெய்ட் எய்ட் வகையில் முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும், குழப்பமே வராது. எக்ஸ்எஸ் நிறுவனத்தின் பிக் டாட் முன்னால் பெரிய வெள்ளை உருண்டை, பின்னால் ஆழமில்லாத வி வடிவக் காடி (பள்ளம்). கிட்டத்தில் வேகமாகச் சுட அது அருமை, தூரத்தில் சின்ன இலக்கை அடிக்கப் பொறுமை வேண்டும். பின்சைட்டில் டிரிட்டியமே இல்லாத செட்டும் கிடைக்கிறது, பயிற்சி உள்ளவர்களுக்கு அது போதும். கையில் ஏற்கெனவே மூன்று புள்ளி செட் இருந்தால் உடனே கழற்ற வேண்டாம். பின்சைட்டின் இரண்டு புள்ளிகளை மட்டும் கறுப்பு மார்க்கரால் பூசி ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள், வித்தியாசம் கைக்கே தெரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை, இரவில் நம் கண் பச்சைக்குத்தான் நன்றாக வேலை செய்யும், ஒரே அளவு வாயுவில் பச்சைக் குழாய்தான் பிரகாசமாகத் தெரியும். ஆரஞ்சும் மஞ்சளும் மங்கல்தான். சில தயாரிப்பாளர்கள் ஆரஞ்சுக்குப் பச்சையைவிடக் குறைந்த கால உத்தரவாதமே தருகிறார்கள். அதனால் முன்னால் பச்சை, பின்னால் மங்கலான வேறு நிறம் என்பது நல்ல சேர்க்கை. டிரிட்டியத்தைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறம் வேறு விஷயம். அது பகலுக்கானது, உங்கள் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள்.

அகலத்தில் அவசரப்படாதீர்கள். முன்சைட் கண்ணிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 மி.மீ. அகலமான முன்சைட் 25 மீட்டரில் ஏறக்குறைய 13 செ.மீ. இலக்கை மறைக்கும், 3.2 மி.மீ. என்றால் 11 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பின்சைட்டின் காடிக்குள் இருபக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்றையும் இதுதான் முடிவு செய்கிறது. கீற்று மெலிந்தால் துல்லியம் கூடும், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் கீற்றே காணாமல் போகும். நாற்பது தாண்டி முன்சைட் புகைமூட்டமாகத் தெரிய ஆரம்பித்தவர்களுக்கு அகலமான முன்சைட்டும் தாராளமான காடியும்தான் பொருந்தும்.

உயரம் இதைவிட முக்கியம், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பின்சைட் உயர்ந்தால் குண்டு மேலே போகும், முன்சைட் உயர்ந்தால் கீழே போகும். கணக்கு எளிது: குண்டு விலகிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்க வேண்டும். கிளாக் 17 பிஸ்டலில் அந்த நீளம் 165 மி.மீ. ஆகும். 25 மீட்டரில் 10 செ.மீ. கீழே அடிக்கிறது என்றால் 0.66 மி.மீ. திருத்தம் வேண்டும். பின்சைட்டை அவ்வளவு உயர்த்தலாம், முன்சைட்டைக் குறைக்கவும் செய்யலாம். ஸ்லைடில் (துப்பாக்கியின் நகரும் மேல்பாகத்தில்) ரெட் டாட் என்ற, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட் வைத்திருப்பவர்கள் அதன் கண்ணாடி வழியே தெரியும் உயரமான சைட்டுகளைத்தான் தேட வேண்டும், கூடவே அது ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) உரசாமல் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த ஒளியால் இலக்கு தெரியாது, அதை யாரும் மறக்கக் கூடாது. எதிரே இருப்பது யார் என்று பார்க்க டார்ச் வேண்டும், டார்ச்சை அடித்ததும் டிரிட்டியம் அதில் கரைந்து சைட்டுகள் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். டிரிட்டியம் உதவுவது நடுவிலுள்ள நேரத்தில்: ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அளவு வெளிச்சம் இருக்கிறது, ஆனால் கறுப்பு சைட் கறுப்பு உடையில் மறைந்துவிடுகிறது. வாங்கும்போது இந்த அரையிருட்டை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

முடிந்தால் நண்பரின் துப்பாக்கியில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டிப் பாருங்கள். பகல் வெளிச்சம், பக்கத்து அறை விளக்கின் கசிவு, முழு இருட்டு என்று மூன்றிலும் பார்க்க வேண்டும். முழு இருட்டில் கண் பழகவே இருபது முப்பது நிமிடம் ஆகும், அதற்கு முன் தீர்ப்பு சொல்லாதீர்கள். பழகிய பிறகு சில முன்சைட்டுகள் அளவுக்கு மீறிப் பிரகாசித்து ஒளிவட்டம் காட்டும், அதுவும் தொந்தரவுதான்.

மாட்டும் வேலையைச் சுத்தியலிடம் கொடுக்காதீர்கள். பின்சைட்டை நகர்த்தச் சைட் புஷர் என்ற கருவி இருக்கிறது, இல்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் போங்கள். கிளாக்கின் முன்சைட்டைப் பிடித்திருப்பது குட்டி ஸ்குரூ ஒன்றுதான், அதிகமாக முறுக்கினால் மரை போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீலநிற லாக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து, அளவாக இறுக்கினால் போதும். சைட்டுக்குச் சூடு காட்டாதீர்கள், கடுமையான கரைப்பானில் ஊறவும் வைக்காதீர்கள், குழாயைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும்.

டிரிட்டியம் கதிரியக்கப் பொருள் என்பதால் வாங்குவதற்கும் தபாலில் வரவழைப்பதற்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு, ஆயுதச் சட்டத்தோடு இதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போங்கள், அப்புறம் கையுறை போட்டு அந்தச் சைட்டைப் பையில் கட்டி வைத்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். உடைந்ததையும் ஆயுள் முடிந்ததையும் குப்பையில் போடக் கூடாது, திருப்பி அனுப்பும் வழியைத் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.