போக்கிமான் டெக்: 60 கார்டில் எதைத் தூக்குவது?

போட்டியில் ஜெயித்த லிஸ்ட்டைப் பார்த்து அப்படியே டெக் (ஆடுவதற்கான 60 கார்டுக் கட்டு) கட்டியாகிவிட்டது. ஆனாலும் இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை, போட முடியாத கார்டுகளாகவே சேர்ந்து கை அடைத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதனால் விதிமுறைகளை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும்: போக்கிமான் கார்டு விளையாட்டில் சைடு டெக் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகள்) கிடையாது. யாரை எதிர்த்தாலும் அதே 60 கார்டுதான். புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமென்றால் ஏற்கெனவே இருப்பதில் ஒன்று வெளியே போயாக வேண்டும்.

1. முதல் 20 ஆட்டம், கை வைக்காதீர்கள்

எந்தக் கார்டையும் மாற்றாமல் 20 ஆட்டம் ஆடுங்கள். வெற்றிக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரிபாதி வாய்ப்புள்ள டெக்கூட, 10 ஆட்டத்தில் 7 அல்லது அதற்கு மேல் ஜெயிக்க 17% வாய்ப்பு இருக்கிறது. நேற்று போட்ட புதுக் கார்டால்தான் ஜெயித்தோம் என்று நினைப்பது பெரும்பாலும் இந்த 17%தான்.

2. மூன்று குறிகள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு தாளில் டெக் லிஸ்ட்டை எழுதி, ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கார்டுக்கு நேரே குறி போடுங்கள். உதவியிருந்தால் ‘உ’, கையில் செத்துக் கிடந்திருந்தால் ‘செ’, பிரைஸில் (தொடக்கத்தில் மூடி ஒதுக்கிவைக்கும் 6 கார்டில்) மாட்டியிருந்தால் ‘பி’. கைக்கே வராத கார்டுக்கு எந்தக் குறியும் வேண்டாம். ‘வரவே இல்லை’ என்பதையும் ‘வந்தும் பயனில்லை’ என்பதையும் குழப்பிக்கொண்டு நல்ல கார்டைத் தூக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒரே பிரதி போட்ட கார்டு முதல் 8 கார்டுக்குள் (தொடக்கக் கை 7, முதல் டர்னில் எடுப்பது 1) வர 13.3% வாய்ப்புதான் உண்டு. வராதது அதன் குற்றமல்ல.

ஒரு கையை எடுத்துப் பார்ப்போம். 2023-இல் அப்சிடியன் ஃப்ளேம்ஸ் தொகுப்பில் வந்த சாரிஸார்ட் ஈஎக்ஸ் டெக் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கக் கை: ஒரு சார்மாண்டர் (சாரிஸார்டின் முதல் வடிவம்), இரண்டு சாரிஸார்ட் ஈஎக்ஸ், ஒரு ரேர் கேண்டி (நடுப்படியைத் தாண்டிப் பரிணமிக்க வைப்பது), ஒரு பாஸஸ் ஆர்டர்ஸ் (எதிராளியின் பின்வரிசைப் போக்கிமானை முன்னே இழுப்பது), இரண்டு நெருப்பு எனர்ஜி (தாக்குவதற்குப் போக்கிமானில் மாட்டுவது). சார்மாண்டரும் கேண்டியும் சாரிஸார்டும் சேர்ந்தே வந்திருப்பதால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் களத்தில் சார்மாண்டர் தனியாள். அது விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இதைப் பார்த்து பாஸஸ் ஆர்டர்ஸுக்கு ‘செ’ போடுபவர்கள் உண்டு. எந்த டெக்கிலும் முதல் டர்னில் அது அப்படித்தான் கிடக்கும், அதை விடுங்கள். ‘செ’ போக வேண்டியது இரண்டாவது சாரிஸார்டுக்கும் இரண்டாவது எனர்ஜிக்கும். சாரிஸார்ட் பரிணமிக்கும்போது டெக்கிலிருந்தே மூன்று நெருப்பு எனர்ஜி வரை எடுத்து மாட்டும். கையில் எனர்ஜி தேங்கத் தேங்க, டெக்கில் எடுப்பதற்குக் குறைகிறது. பக்கத்தில் இன்னொரு குறிப்பும் எழுதுங்கள்: ‘பேசிக் தேட வழியில்லை’ (பேசிக் என்றால் சார்மாண்டர் போல நேரடியாகக் களத்தில் வைக்கக்கூடிய போக்கிமான்). இல்லாமல் போனதையும் எழுதினால்தான் எதைச் சேர்ப்பது என்று தெரியும்.

‘பி’ போட, டெக்கை முதன்முறை தேடும்போதே பிரைஸில் என்ன மாட்டியிருக்கிறது என்று எண்ணிவிட வேண்டும். எல்லாவற்றையும் எண்ண நேரமிருக்காது. ஒற்றைப் பிரதிகளையும் முக்கிய பரிணாம வரிசையையும் பார்த்தால் போதும்.

3. எத்தனை பிரதி?

முதல் 8 கார்டுக்குள் ஒன்றாவது வரும் வாய்ப்பு: 4 பிரதிக்கு 44.5%, 3-க்கு 35.4%, 2-க்கு 25.1%. இரண்டாம் டர்னுக்குள் கட்டாயம் வேண்டியது 4. வேண்டும், ஆனால் இரண்டாவது வந்தால் தொல்லை என்றால் 3. ஒற்றைப் பிரதியில்தான் கவனம் தேவை. போக்கிமானைத் தேடி எடுக்க அல்ட்ரா பால் போல நிறைய வழிகள் உண்டு, அதனால் ஒற்றைப் போக்கிமான் தாங்கும். ஐட்டம் (ரேர் கேண்டி போன்றவை), சப்போர்ட்டர் (பாஸஸ் ஆர்டர்ஸ் போன்றவை) கார்டுகளைத் தேடும் வழி பல டெக்குகளில் குறைவு. ‘அந்த ஒரு டெக்குக்கு எதிராக’ என்று ஒற்றை ஐட்டம் போடுவது, 10 ஆட்டத்தில் ஒன்றில் பிரைஸில் மாட்டி, மீதியில் வேண்டிய நேரத்தில் வராமல் போகும் கார்டுக்கு இடம் கொடுப்பது. இரண்டு போடுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள் என்பது என் கட்சி.

சப்போர்ட்டரை டர்னுக்கு ஒன்றுதான் போட முடியும். முதலில் ஆடுபவர் முதல் டர்னில் அதையும் போட முடியாது. கையில் மூன்று சப்போர்ட்டர் சேர்வது அடிக்கடி நடந்தால், குறைக்க வேண்டியது அங்கே.

பேசிக் எத்தனை? 8 இருந்தால் தொடக்கக் கையில் பேசிக்கே இல்லாமல் முல்லிகன் (கையைக் கலைத்து மறுபடி 7 எடுப்பது) போகும் வாய்ப்பு 34.6%, 10-க்கு 25.9%, 12-க்கு 19.1%. ஒவ்வொரு முல்லிகனுக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். அதற்காக உதவாத பேசிக்கை நிரப்பினால் அதுவே ஆக்டிவ் இடத்தில், அதாவது சண்டையிடும் முன்னிடத்தில், வந்து உட்காரும்.

4. மாற்றம்

ஒரு தடவைக்கு இரண்டு கார்டு, அதற்கு மேல் வேண்டாம். ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ‘செ’ அதிகம் வாங்கியது முதலில் போகட்டும். ஆனால் அதே கார்டுக்கு ‘உ’வும் நிறைய இருந்தால் அதைத் தூக்காமல் ஒரு பிரதி மட்டும் குறையுங்கள். பிறகு மறுபடி 20.

சோதிக்க எதிலே ஆடுவது? ஆட்ட எண்ணிக்கை சேர போக்கிமான் டிசிஜி லைவ் ஆப் நல்லது, லிஸ்ட்டை எழுத்தாக ஏற்றி இறக்கவும் வசதி. ஆனால் கடைசி 10 ஆட்டமாவது மேசையில் கடிகாரம் வைத்து ஆடுங்கள். பெரிய போட்டிகளில் மூன்றில் இரண்டு வெல்லும் சுற்றுக்கு 50 நிமிடம்தான். ஷஃபிளை ஆப் செய்துவிடும், மேசையில் நீங்கள் செய்ய வேண்டும். நேரம் முடிந்து சமனானால் 1 புள்ளி, ஜெயித்தால் 3.

பின்சேர்க்கை

கார்டுகளைக் குவியலாகப் பிரித்து அடுக்குவது ஷஃபிள் ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. 60 இருக்கிறதா என்று எண்ண மட்டும் அது உதவும்.

இன்னொரு சிக்கல்: புதிதாகச் சேர்த்த அந்த இரண்டு கார்டு மட்டும் பளபளப்பு அச்சாக இருந்தால், வளைந்துபோய், டெக்கை வெட்டும்போது சரியாக அந்த இடத்தில் பிரியும். அடையாளமிட்ட கார்டு என்று நடுவர் தண்டனை கொடுக்கலாம். அதே கார்டின் சாதாரண அச்சு கிடைத்தால் அதைப் போடுங்கள். கார்டுக்குப் போடும் உறையான ஸ்லீவைப் பழசும் புதுசுமாகக் கலக்காமல் 60-க்கும் சேர்த்து ஒரே நேரத்தில் மாற்றி, அதே பாக்கெட்டில் மிச்சமிருப்பதில் நாலைந்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.