ஜப்பான் கார்: முதலில் ஏலத் தாள்

ஜப்பானிலிருந்து பாவித்த கார் இறக்குமதி செய்ய எண்ணும் இலங்கை வாசகர்கள், முற்பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் காரின் ஏலத் தாளை (ஜப்பானிய ஏலத்தில் காரைப் பரிசோதித்து அதன் நிலையைக் குறித்த தாளை) கேட்டு வாங்கி, அதிலுள்ள சேசிஸ் இலக்கத்தையும் ஓடிய தூரத்தையும் விற்பவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேல் மூலையில் 4 அல்லது 4.5 என்ற தரப்புள்ளி இருந்தால் பொதுவாக நல்ல நிலை. ‘ஆர்’ என்றிருந்தால் விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டி, அது எவ்வளவு பளபளத்தாலும். கீழேயுள்ள கார்ப் படத்தில், கதவின் மேல் ‘ஏ1’ என்று எழுதியிருந்தால் சிறு கீறல்தான், கவலை வேண்டாம். ‘யு’ என்பது நசுங்கல், ‘எக்ஸ்எக்ஸ்’ என்பது மாற்றப்பட்ட பாகம். அடிப்பாகத் துருவும் எண்ணெய்க் கசிவும் போன்றவை பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் கிறுக்கப்பட்டிருக்கும் என்பதால், விற்பவரின் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் வேறொருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.