வண்டிகள் பேசிக்கொள்ளும்போது ஓட்டுநரின் அடையாளத்தைக் காப்பது எப்படி?

வி2வி (வண்டிக்கு வண்டி தகவல் பரிமாற்றம்) கருவி பொருத்திய கார், தான் இருக்கும் இடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை நொடிக்கு 10 முறை வரை ஒலிபரப்புகிறது. பக்கத்து வண்டிகள் உடனே படிக்க வேண்டும் என்பதால் இதில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) கிடையாது, அனுப்பியவர் உண்மையானவர் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் மட்டும்தான். ஆகவே சென்னையில் கிண்டியிலும் பல்லாவரத்திலும் தலா ஒரு ரிசீவர் வைத்தால், ஒரே அடையாளத்தோடு போகும் காரைத் தினமும் பின்தொடர முடியும். இதைத் தடுக்கவே புனைபெயர்ச் சான்றிதழ்கள், அதாவது உண்மை அடையாளத்தைச் சொல்லாமல் கையொப்பமிட உதவும் தற்காலிக டிஜிட்டல் சான்றுகள். அமெரிக்க ஏற்பாட்டில் ஒரு வாரத்துக்கு 20 தருகிறார்கள். பொதுவாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள்.

ஆனால் சான்றிதழை மட்டும் மாற்றினால் பலனில்லை. அதே நொடியில் 4 பைட் தற்காலிக ஐடி, மேக் முகவரி (ரேடியோவின் வலையமைப்பு முகவரி), செய்தி எண் மூன்றும் மாற வேண்டும். செய்தி எண் 0 முதல் 127 வரை சுற்றி வருவது. பழைய பெயரில் 57, புதிய பெயரில் 58 என்று வந்தால் இரண்டும் ஒரே வண்டி என்பது அப்பட்டம். அதையும் தற்போக்கான (ரேண்டம்) எண்ணிலிருந்து தொடங்குங்கள். வந்த பாதையின் புள்ளிகளையும் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய பெயரின் முதல் செய்தியே பழைய பெயர் போன தடத்தைச் சொல்லிவிடும். பலரும் தவறவிடுவது இதுதான். வண்டியின் நீள அகலம் செ.மீ. துல்லியத்தில் போவதும் ஒரு கைரேகைதான், 20 செ.மீ. படிகளாக முழுமையாக்குங்கள்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் 0.1 நொடியில் வண்டி நகர்வது 1.7 மீட்டர். இதுவரையிலான நகர்வை வைத்து அடுத்ததைக் கணிக்கும் கால்மன் வடிகட்டி என்ற கணக்குமுறை அடுத்த இடத்தை எளிதாகக் கணித்துவிடும். நள்ளிரவில் காலியான ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) மீது தனியாகப் போகும்போது எத்தனை முறை பெயரை மாற்றினாலும் பயனில்லை. 3 நொடி ஒலிபரப்பை நிறுத்தி மௌனம் காத்தால் அதே வேகத்தில் 50 மீட்டர் கடந்திருப்பீர்கள். அதற்குள் பக்கத்து வண்டிகளும் மௌனமாகி இடம் மாறியிருந்தால்தான் குழப்பம் பிறக்கும்.

சிக்னலில் நின்றபடி மாற்றுவதும் வீண், அட்சரேகை தீர்க்கரேகை நகராததால். நிற்கும்போது மௌனத்தைத் தொடங்கி, சந்திப்பைத் தாண்டிய பின் புதிய பெயரில் பேசுங்கள். சென்னையின் கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பு இதற்கு வாகான இடம்: விமான நிலையப் பக்கமிருந்து ஏறும் வண்டி கிண்டி, வடபழனி, போரூர் என எந்தப் பக்கமும் பிரியலாம். 4 வண்டிகளில் எது என்று சமமாகச் சந்தேகம் வந்தால் அநாமதேயம் (அடையாளம் மறைந்திருக்கும் அளவு) 2 பிட், ஏனெனில் 2 பிட்டில் 4 வாய்ப்புகள்.

தொடக்க விதியாக இதை வையுங்கள்: 50 மீட்டருக்குள், வேக வித்தியாசம் 10 கி.மீ.க்குள், குறைந்தது 3 வண்டிகள் இருந்தால் மாற்று. கையொப்பம் சரிபார்த்த வண்டிகளை மட்டும் எண்ணுங்கள். பொய் வண்டிகளை உருவாக்கி உங்களை ஏமாற்ற முடியும். நேர இடைவெளியிலும் தற்போக்கு இருக்கட்டும். கிளம்பிய இடத்திலிருந்து 800 முதல் 1500 மீட்டருக்குள் முதல் மாற்றம் நடந்தால் வீட்டு முகவரியும் பயணமும் பிரிந்துவிடும்.

திடீர் பிரேக், மோதல் எச்சரிக்கை நேரத்தில் மௌனம் கூடவே கூடாது. நம் சாலைகளில் கருவியில்லாத இருசக்கர வண்டிகள் இடுக்கில் நுழைவதால், கேமராவும் ரேடாரும் அந்த மௌன நேரத்தில் முழு வேலை செய்கின்றனவா என்றும் உறுதி செய்யுங்கள்.

சோதிக்க ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் கத்திப்பாரா பகுதியை எடுத்து, சுமோ என்ற போக்குவரத்து உருவகப்படுத்தும் மென்பொருளில் ஏற்றுங்கள். இடதுபுறப் போக்குவரத்து விருப்பத்தேர்வை மறந்தால் வளைவுகளில் தடங்கள் தலைகீழாகும். லேன் பார்க்காத நம் ஓட்டத்துக்கு ஒரே லேனுக்குள் வண்டிகள் அருகருகே ஓட விடும் துணை லேன் மாதிரியும் தேவை. வண்டிகளின் ரேடியோத் தொடர்பை உருவகப்படுத்தும் வெய்ன்ஸ் மென்பொருள் மூலம் ரேடியோவை இணைத்து, ஒரு வண்டியை எத்தனை நொடி விடாமல் பின்தொடர முடிகிறது என்று அளவிடுங்கள். பிறகு நிஜக் கருவியின் ஒலிபரப்பை இன்னொரு ரிசீவரில் பதிந்து, மாற்றத்தின் இரு பக்கமும் செய்தியின் எந்தப் புலம் (தரவுப் பகுதி) அப்படியே தொடர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

காரின் மற்ற ரேடியோக்களையும் விடாதீர்கள். டயர் அழுத்த உணரியின் மாறாத ஐடியை 40 மீட்டர் தொலைவிலிருந்தும் படிக்க முடிந்ததை 2010-இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ப்ளூடூத்தும் ஹாட்ஸ்பாட்டும் அப்படித்தான். கருவியின் உள் பதிவேட்டில் பழைய, புதிய பெயர்கள் அருகருகே எழுதப்பட்டால், சர்வீஸ் சென்டரில் யார் வேண்டுமானாலும் மொத்தப் பயணத்தையும் கோத்துவிடலாம். பயணம் முடிந்ததும் அந்த இணைப்பை அழிக்கும்படி அமையுங்கள்.