மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி, கூட்டத்தில் மாஸ்க்

சென்னையில் ஃப்ளூ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்துதான் ஏறும். ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக சுமார் 2 வாரம் ஆகும் என்பதால், தீபாவளித் துணி எடுக்க ரங்கநாதன் தெருவில் நெருக்கியடித்து நிற்பதற்கு முன்பே, முடிந்தால் செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். போன வருஷம்தான் போட்டோமே என்று விடாதீர்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, அதற்கேற்ப ஊசியையும் புதுப்பிக்கிறார்கள். 6 மாதம் தாண்டிய குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், அப்புறம் வீட்டிலுள்ள தாத்தா பாட்டி, இவர்களுக்குத்தான் முதலில். ஊசி போட்டும் சிலருக்குக் காய்ச்சல் வரும், உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றும் ஆபத்து குறையும், அதுவே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, மாஸ்க். ஃப்ளூ வந்தவரிடமிருந்து, அவருக்கே உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கிருமி பரவ ஆரம்பித்துவிடும், அதனால் தாம்பரம் மின்சார ரயிலில் பக்கத்தில் நிற்பவர் இருமவில்லை என்பதை நம்பி மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். மூக்கு வெளியே தெரியக் கூடாது, மேலே இருக்கும் கம்பியை மூக்கோடு அழுத்திவிடுங்கள். மழையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், காலையில் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிட்டுப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், தயவுசெய்து. மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் அனுப்பலாம்.